கட்டியக்காரனை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடிய விடிய நடந்த தெருக்கூத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க, முதலில் கட்டியக்காரன் (கூத்தில் கிண்டல் பேசி, கதையை விளக்கிக்கொண்டு போகிறவன்) பேச்சைக் குறைக்கலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவன் நான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1860 நவம்பரில் வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு வந்த கூத்து இது. இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும். பாட்டெல்லாம் தமிழ், எதிரே இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. அரிச்சந்திரன் ஏன் அழுகிறான் என்று அவர்களுக்குச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது. ராஜாவிடம் தமிழில் கேட்டு, சனங்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொல்வேன். ‘சவுபோனா, மகாராஜா!’ என்று இந்த ஊர் ஜூலு மொழியில் கும்பிடு போட்டால் கடைசி வரிசைப் பையன்கள் ‘யெபோ!’ என்று கத்துவார்கள். அப்புறம் எழுந்து போக மாட்டார்கள்.

திறந்தவெளியில் சிரிக்க வைப்பது லேசான காரியமில்லை. மண்டபத்தில் சிரிப்பு சுவரில் பட்டுத் திரும்பி வரும். கோயில் மைதானத்தில் காற்று கொண்டுபோய்விடும். முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வார்த்தையை விட வேண்டும். ஒரு புனித வெள்ளி மாரியம்மன் திருவிழாவில் (அந்த நாளில்தான் இங்கே பல ஊர்களில் அம்மனுக்கு விழா) விழாக் குழுவினர் உயரமாக மேடை போட்டு, கண்ணில் அடிக்கிற மாதிரி விளக்கு வைத்து, நாற்காலிகளை இருபதடி தள்ளிப் போட்டிருந்தார்கள். இருட்டைப் பார்த்துப் பேசினேன். ஒன்றும் எடுபடவில்லை, தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

திடீரென்று கரண்ட் போனது. மேடையை விட்டுக் கீழே இறங்கினோம். சனங்கள் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்து தரையில் உட்கார்ந்தார்கள். என் காலடியில் ஒரு ஆயா, மடியில் ஒரு கொத்து வேப்பிலை. சந்திரமதியை ஏலம் போட வந்த ராஜாவிடம், ‘கடனைத் தவணையில் கட்டக் கூடாதா, சாமி?’ என்றேன். ஆயா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சந்திரமதி புலம்பத் தொடங்கியதும் அதே கையால் கண்ணைத் துடைத்தார். முன்னே சிரித்திராவிட்டால் அப்படி அழுதிருப்பாரா?

நேரம் போதவில்லையென்றால் வரவேற்புரையைக் குறைக்கட்டும், பொன்னாடைகளைக் குறைக்கட்டும். மேடை வேண்டாம், சனங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் மேலும் கொஞ்சம் வெளிச்சம் விழும்படி விளக்கை வைக்கட்டும். அடுத்த திருவிழாவுக்கு எங்கள் கோயிலில் இதைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஒரு கூத்துக் கலைஞர்,
சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா