ஸ்டிக்கரில் அலகு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

மின்கட்டணம் பற்றி உங்கள் பத்திரிகைக்கு வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். யார் கூட்டினார்கள், யார் குறைப்பதாகச் சொன்னார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மின்சாரத்தை இழுக்கிற சாதனங்களை இலங்கைக்குள் இறக்குகிறவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. வெள்ளவத்தையில் சின்னதொரு மின்சாதனக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் விலை கேட்பார்கள். அப்புறம், "அண்ணை, இது எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்பார்கள். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறிய பிறகு இதைக் கேட்காமல் பிரிட்ஜ் வாங்குகிறவர்கள் குறைவு. பதில் சொல்ல என்னிடம் இருப்பது பெட்டியோடு வரும் ஸ்டிக்கர் மட்டும்தான். ஒன்றில் மின்சிக்கனத்தைக் காட்டும் இந்திய நட்சத்திரங்கள், இன்னொன்றில் அதையே காட்டும் ஐரோப்பிய எழுத்துகள், மூன்றாவதில் பெரிதாக 'இன்வேர்ட்டர்' என்று மட்டும். இன்வேர்ட்டர் என்றால் கொம்பிரசர் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். வருடத்துக்கு எத்தனை அலகு (யூனிட்) மின்சாரம் பிடிக்கும் என்று அது சொல்லாது.

ஐரோப்பிய ஸ்டிக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஏ பிளஸ்' என்றதும் நம்மவர்கள் முதல்தரச் சாமான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டுப் பிரிட்ஜ்களைப் பொறுத்தவரை, 2014 நடுப்பகுதியிலிருந்தே ஐரோப்பாவில் புதிதாகச் சந்தைக்கு விட அனுமதிக்கப்பட்ட மிகக் கீழ்த்தரம் அதுதான். 2021 மார்ச்சில் பிளஸ்களை எல்லாம் எடுத்துவிட்டு ஏ முதல் ஜி வரை புதிதாகத் தரம் பிரித்தார்கள். பழைய ஏ பிளஸ் பெட்டிகளில் பல இப்போது பட்டியலின் அடியில் கிடக்கின்றன. போதாததற்கு அந்தப் பழைய அளவீடு 25 பாகை வெப்பமுள்ள அறையில் வைத்து எடுக்கப்பட்டது. கொழும்பில் மதியம் சமைக்கிற நேரத்தில் எந்தக் குசினி 25 பாகையில் இருக்கிறது? ஆகவே வருடமும் அளவிட்ட முறையும் தெரியாத ஸ்டிக்கர் வெறும் அலங்காரம்.

இந்திய ஸ்டிக்கரில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தக் காலத்துக்குரிய தரம் என்பதும் வருடத்துக்கு எத்தனை அலகு என்பதும் அதிலேயே இருப்பது. அங்கே தரத்தை அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. இதை வாங்குகிறவருக்கு விளக்க எனக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். பெருநாள் நெரிசலில் அது நடக்கிற காரியமா?

ஓர் உதாரணம். ஒரே அளவான இரண்டு பிரிட்ஜ்கள், ஒன்று வருடத்துக்கு 300 அலகு, மற்றது 480 என்று வையுங்கள். வித்தியாசம் மாதத்துக்கு 15 அலகு. பெரிய தொகையாகத் தெரியாதுதான். ஆனால் நமது மின்பட்டியலில் மாதம் 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை, அதைத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு அட்டவணை. 50 அலகில் நிற்கும் ஒரு சிறு குடும்பத்தை அந்த 15 அலகு எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மலிவான பெட்டியைத் தேடி வருவதும் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிலைபேறான சக்தி அதிகாரசபை இருக்கிறது. சிஎஃப்எல் என்ற மின்சிக்கனக் குமிழ்களின் பெட்டிகளில் அதன் நட்சத்திரங்களைப் பல வருடங்களாகப் பார்க்கிறோம். வருட அலகு, அளவிட்ட முறை, தரம் கொடுத்த வருடம் ஆகிய மூன்றையும் மூன்று மொழிகளிலும் அச்சிட்ட ஒரே மாதிரியான முத்திரை, இறக்குமதியாகும் ஒவ்வொரு பிரிட்ஜிலும் ஏசியிலும் சலவை இயந்திரத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அந்தப் பொறுப்பு இறக்குமதியாளருடையது. பரிசோதனை அறிக்கை அவரிடம்தான் இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மொத்தமாக எடுத்து விற்கிற என்னைப் போன்றவன் அதற்கு எங்கே போவான்? முத்திரையை மறைக்காமல் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சட்டம் போடுங்கள், தாராளமாகச் செய்கிறோம். ஆனால் சரக்கு துறைமுகத்தை விட்டு வெளியே வந்த பிறகு கடை கடையாகச் சோதனைக்கு வந்து சின்ன வியாபாரிக்குத் தண்டம் அடிப்பதில் பலனில்லை.

விலை ஏறும் என்று இறக்குமதியாளர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், மறுக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டுப் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையை ஏற்றுக்கொண்டு, சந்தையிலிருந்து அவ்வப்போது ஒரு பெட்டியை எடுத்து இங்கே சோதித்தால் செலவு கட்டுக்குள் இருக்கும். கையில் கிடக்கும் பழைய சரக்கை விற்று முடிக்க நியாயமான அவகாசமும் வேண்டும். இல்லாவிட்டால் நட்டம் முழுவதும் எங்கள் தலையில்தான் விழும்.

இன்னுமொன்று. வெளிநாட்டில் உழைத்துவிட்டு வருகிறவர்கள் கட்டுநாயக்க விமான நிலைய வரியில்லாக் கடைகளில் வாங்கிவரும் பிரிட்ஜ்களும் சலவை இயந்திரங்களும் இதே மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. விதி வந்தால் அந்தக் கடைகளுக்கும் சேர்த்து வரட்டும்.

இப்படிக்கு,
மின்சாதன வியாபாரி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6