வில்லன்களுக்குச் சிறை கட்டும் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் திரைக்கதையை முழுக்கப் படித்துவிட்டேன். சேர்வராயன் மலை அடிவாரத்தில் சூப்பர் வில்லன்களுக்கென்று ஒரு சிறை. கடைசி இருபது நிமிடம் தவிர, படம் முழுவதும் அதன் மதிலுக்குள்ளேயே நடக்கிறது. இவ்வளவு துணிச்சலான ஒன்றை நம் வீட்டுப் பிள்ளை எழுதியிருக்கிறான் என்பதில் எனக்குப் பெருமிதம். இதைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்டபோது நீ தயங்காமல் சம்மதித்தாய். சேலத்தில் இருந்துகொண்டு கையில் உள்ள காசில் படமெடுக்க நினைக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

சொல்ல வந்ததை நேராகவே சொல்கிறேன். கடைசி இருபது நிமிடம் வேண்டாம். வில்லன்கள் மதிலைத் தகர்த்து வெளியேறுவதும், வானத்தில் சண்டையிடுவதும், ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவதும் உன் படத்துக்கு உரியவை அல்ல. கிராபிக்ஸுக்கு உன்னிடம் பணம் இல்லை என்பது சின்னக் காரணம். அமெரிக்க காமிக்ஸில் பேட்மேனின் எதிரிகளை அடைக்கும் ஆர்க்கம் என்ற மனநலக் காப்பகம் 1974-ல் முதன்முதலாக வந்தது. அன்று முதல் அங்கே அடைபட்டவர்கள் தப்பிப்பதற்காகவே அடைபடுகிறார்கள். உள்ளே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நின்று பார்த்த கதைகள் குறைவு. நீ அதைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாய். பாதியில் கண்ணை எடுத்துவிடாதே.

ஒவ்வொரு கைதியின் சக்தியையும் காட்ட நீ பாடுபட்டிருக்கிறாய். அந்தச் சக்திக்குப் போட்ட பூட்டைக் காட்டு, அது போதும். ஓர் இடத்தில் இதை நீயே அழகாகச் செய்திருக்கிறாய். மனத்தைப் படிக்கும் கிழவியின் அறைக்குக் காவலுக்குப் போகும் வார்டன், உள்ளுக்குள் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார். அவர் ஓர் எண்ணைத் தவறவிட, கிழவி திருத்துகிறாள். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வராண்டாவும் இரண்டு நடிகர்களும் தவிர வேறு செலவில்லை. படம் முழுவதும் இப்படி இருக்க முடியும்.

நெருப்புக்காரனை எடுத்துக்கொள். அவனை நீ சிமெண்ட் அறையில் வைத்திருக்கிறாய். சேலத்தில் பிறந்துவிட்டுச் சிமெண்ட் ஏன்? மலைக்குப் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று தெரியும் குழிகளெல்லாம் மாக்னசைட் வெட்டிய குழிகள். நான் வேலை பார்த்த சூளையில் அந்தக் கல்லைச் சுட்டுக் கரியமிலவாயுவை வெளியேற்றிச் செங்கல் ஆக்குவோம். எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு அதுதான் போகும். இரும்பு ஏறக்குறைய 1540 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்தக் கல்லைச் சுட்டால் கிடைக்கும் மாக்னீசியா உருக 2800 டிகிரிக்கு மேல் வேண்டும். உலகத்தில் நெருப்புக்காரனை அடைக்க ஓர் இடம் தேடினால் அது நம் ஊராகத்தான் இருக்கும்.

அந்தச் செங்கல்லுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. எவ்வளவு சூட்டையும் தாங்கும், ஆனால் சூடும் குளிரும் சட்டென்று மாறி மாறி வந்தால் வெடிப்பு விட்டுப் பொரிந்து உதிரும். ஈரமும் ஆகாது, மழைக்காலத்தில் நனையவிட்டால் ஊறிப் பருத்து விரிசல் காணும். ஆகவே உன் நெருப்புக்காரன் சுவரை உருக்க முயல வேண்டாம். இரவுதோறும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துச் சூடாக்கட்டும், பிறகு குடிக்கக் கொடுத்த தண்ணீரை அதே இடத்தில் ஊற்றட்டும். கையளவு இடம், மெல்லிய நொறுங்கல் சத்தம், காலையில் படுக்கைக்கு அடியில் மறைக்கும் தூள். தாகத்தைப் பொறுத்துக்கொண்டு சுவருக்குத் தண்ணீர் கொடுக்கும் மனிதனை நான் இரண்டு மணி நேரம் கூடப் பார்ப்பேன். அவன் தப்பிக்கிறானா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை.

காந்தக்காரருக்கு அலுமினிய அறை கட்டு. ஏற்காட்டு பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆனது, அதனால் அதுவும் வெளியூர்ப் பொருள் அல்ல. காந்தம் அலுமினியத்தை இழுக்காது. ஆனால் காந்தத்தை அதன் அருகே வேகமாக அசைத்தால் உலோகத்துக்குள் மின்னோட்டம் சுழன்று அசைவை எதிர்க்கும். பள்ளி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம். சிறை விதியில் இதை வைத்துவிடு: அறைக்குள் அவர் கைகளை மெதுவாகத்தான் அசைக்க வேண்டும். சாப்பிடுவது, சட்டைப் பொத்தான் போடுவது, மகளுக்குக் கை காட்டுவது, எல்லாமே மெதுவாக. நல்ல நடிகர் கிடைத்தால் அந்தக் கைகளே படத்தைத் தாங்கும். இன்னொன்று, சேலத்துக்குப் பக்கத்திலுள்ள கஞ்சமலையின் வயிற்றில் இருப்பது காந்த இரும்புத் தாது. அவர் எந்த அறையில் இருந்தாலும் கஞ்சமலை இருக்கும் திசையைப் பார்த்தே உட்காரட்டும். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், சேலத்துக்காரர்களுக்குப் புரியும்.

கண்ணுக்குத் தெரியாதவனுக்கு மாக்னசைட் தூளைத் தரையில் பரப்பினால் காலடி மட்டும் பதியும். பலசாலிக்குத் தட்டு கொடுத்தால் நசுங்கிவிடும், தையல் இலையில் சோறு போடு. இவற்றை நீயே பார்த்துக்கொள்வாய்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உன் அம்மாவின் நகையைத் தொடாதே. என் அக்கா கேட்காமலே கொடுப்பாள், அதனால்தான் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் மாலேகான் என்று ஒரு விசைத்தறி ஊர். வீடியோ பார்லர் நடத்திய நாசிர் ஷேக் என்பவர் ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து அங்கே ஒரு சூப்பர்மேன் படம் எடுத்தார். நாயகனாக நடித்தவர் தறித் தொழிலாளி. பின்னணியில் பச்சைத் துணியைக் கட்டிப் படம்பிடித்துத்தான் அவரைப் பறக்க வைத்தார்கள். அந்த முயற்சியைப் பற்றிய ஆவணப்படம் 2008-ல் வந்தது. அதைத் தேடிப் பார். நம் பக்கத்திலும் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கிறது. அந்த மக்களுக்கு முதலில் போட்டுக் காட்டும் எண்ணத்தோடு எடு.

படம் எடுக்கச் சென்னைக்குப் போக வேண்டும் என்று உன் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு மனம் தளராதே. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் பழைய நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை இந்த ஊரிலிருந்து தந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமும் 1956-ல் அங்கிருந்துதான் வந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமான இடம். உன் வில்லன்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்த உடனே கெட்டவர்கள் என்று தெரிகிறார்கள். கறுப்பு, தழும்பு, சிவந்த கண். இதை மாற்று. சிறையில் இருப்பவர்களை ஆபத்தானவர்கள் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வி இந்த ஊரில் படமெடுப்பவனுக்கு வந்தே தீர வேண்டும். 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் மலபாரிலிருந்து வந்த விவசாயிகள். அன்றைய அரசின் கண்ணுக்கு அவர்கள்தான் வில்லன்கள்.

அதற்கும் முன்னால், குற்றப் பழங்குடியினர் சட்டம் இருந்தது. 1871-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்தது, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். ஒரு குலத்தில் பிறந்த காரணத்துக்காகவே பெயரைப் பதிந்து, விரல் ரேகை எடுத்து, காவல் நிலையத்தில் போய் இருப்பைக் காட்டச் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அது ரத்தானது. சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று நம் மாவட்டத்தின் பெயரோடே, அந்தச் சட்டத்திலிருந்து விடுபட்ட சீர்மரபினரின் பட்டியலில் இன்றும் சமூகங்கள் இருக்கின்றன.

உன் கதையில் காந்தக்காரரின் மகள் ஒரே காட்சியில் வருகிறாள், அழுகிறாள், போய்விடுகிறாள். அவளுக்கு எந்தச் சக்தியும் இல்லை. ஆனால் சக்தி உள்ளவரின் மகள் என்பதற்காக மாலைதோறும் சிறை வாசலுக்கு வந்து பேரேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தால்? பள்ளிச் சீருடையோடு வருவாள். பரீட்சை நாளிலும் வருவாள். மை அழியாத கட்டைவிரலோடு வகுப்பில் உட்காருவாள். அவளிடம் ரேகை எடுக்கும் எழுத்தரை நல்ல மனிதராகவே எழுது; மை துடைக்கப் பழைய துணி கொடுப்பார், ஆனால் ஒருநாள்கூட விடமாட்டார். இதற்கு ஒரு மேசை, ஒரு பேரேடு, ஒரு மைப்பெட்டி போதும். வானத்தில் நடக்கும் எந்தச் சண்டையையும்விட எனக்கு இந்தப் பெண்ணின் விரல்தான் பெரிது. படம் அவளுடையதாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அடுத்த வரைவில் அவள் காட்சிகளை முதலில் எழுதி அனுப்பு, மற்றவை தானாக வரும். மத்திய சிறைப் பக்கம் காமிராவோடு போகாதே, அனுமதி இல்லாமல் வீண் வம்பு. சூளைக்காரர்களிடம் பேசி உடைந்த செங்கல் வாங்கித் தருவது என் பொறுப்பு. வண்டி வாடகையை மட்டும் நீ பார்த்துக்கொள். ஐப்பசிக்குள் ஏற்றிவந்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும்.

அன்புடன்,
மாமா