உன் வண்டிக்கும் ஒரு சீட் வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். போனில் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ எடுத்தவுடனே "மீட்டிங்ப்பா" என்கிறாய். மீட்டிங் இல்லாத நேரத்தில் எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் தங்கச்சி அவள் போனில் ஒரு படம் காட்டினாள். மேல்மருவத்தூர் பக்கம் ஏதோ ஹோட்டல் வாசலில் நீ எடுத்ததாம். முன்சீட் இரண்டுக்கும் நடுவில் பாப்பா நின்றுகொண்டு சிரிக்கிறாள். அந்த நெற்றியும் சுருட்டை முடியும் அப்படியே உன் ஆச்சி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பின்சீட் கண்ணில் பட்டது. அவள் முதல் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த குழந்தை சீட் அங்கே இல்லை.

அது திருச்சியில் சம்பந்தி வண்டியில் இருப்பதாகத் தங்கச்சி சொன்னாள். சரி. பாப்பா எங்கே அதிகம் இருக்கிறாளோ அங்கே இருக்கட்டும். ஆடியில் போனவர்கள், தீபாவளியும் கழிந்துவிட்டது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டைப் பற்றித்தான் கேட்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் சேர்த்த 194பி பிரிவைப் பார். 14 வயது ஆகாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். பரனூர் டோல்கேட்டிலிருந்து திருச்சி வரை யாரும் உன்னை நிறுத்தி அதைக் கேட்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். பெல்ட் மாட்டிவிட்டால் சட்டத்துக்குப் போதுமே என்பாய். படித்தவன், சொல்வாய். அந்த பெல்ட் நம் உயரத்துக்குச் செய்தது தம்பி. இடுப்பெலும்பில் படிய வேண்டிய பட்டை அவளுக்கு வயிற்றில் ஏறிவிடும், மேல் பட்டை கழுத்தில் வந்து நிற்கும். லண்டனில் இருக்கும் உன் சித்தப்பா மகனைக் கேள். அங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை சீட் கட்டாயம். நம் பாப்பா இன்னும் ஒரு மீட்டரைக்கூடத் தொடவில்லை.

நீ நல்லா ஓட்டுவாய். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, டிப்போவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், என்னைவிடப் பொறுமை என்று. ஆனால் ரோட்டில் நீ மட்டுமா ஓட்டுகிறாய்? பஸ் ஓட்டும்போது உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு தடவை ஆடு குறுக்கே வந்து பிரேக் அடித்தேன். வண்டி 40ல்கூட இருக்காது. முன்வரிசையில் ஒரு அம்மா மடியில் பிள்ளையை வைத்திருந்தது. பிள்ளை கியர் ராடு பக்கத்தில் வந்து விழுந்தது. நல்லவேளை, அடி இல்லை. "நான் கையை விடவே இல்லையே" என்று அந்த அம்மா திருச்சி வரை சொல்லிக்கொண்டே வந்தது. பொய் இல்லை, இறுக்கிப் பிடித்துத்தான் இருந்தது. 40லேயே அப்படி. நீ அந்த நாலு வழிச்சாலையில் எத்தனையில் போவாய் என்று நான் சொல்ல வேண்டாம்.

பின்சீட்டில் உட்கார வைத்தால் ஆகாதா என்று கேட்காதே. சைரஸ் மிஸ்திரி, டாடா சன்ஸில் தலைவராக இருந்தவர், 2022ல் பால்கர் பக்கத்தில் இறந்தபோது பின்சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போடாமல். பின்சீட்டும் வேண்டும், அதில் குழந்தை சீட்டும் வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன், இவன் வண்டிக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று. அவளுக்கு வந்ததே கோபம். "ரெண்டாவது சீட் வாங்கினா ரெண்டு வீடுன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உங்கள் விஷயம் எப்படி முடிந்தாலும், அது முடிகிறவரைக்கும் பாப்பா அந்த ரோட்டில் போய் வந்துகொண்டுதானே இருப்பாள்?

அதனால் வாங்கு. பழையது வேண்டாம். ஓஎல்எக்ஸில் பார்த்தேன் என்று வராதே. விபத்தில் அடிபட்ட சீட்டா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்44 அல்லது ஆர்129 என்று பாதுகாப்புத் தரம் போட்ட ஆரஞ்சு ஸ்டிக்கர் இருக்கிறதா பார். உன் வண்டியில் பின்சீட் குஷனுக்கும் சாய்மானத்துக்கும் இடையில் கைவிட்டுப் பார், இரண்டு இரும்பு வளையம் தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது, அதில் மாட்டுகிற மாதிரி வாங்கு. மாட்டியபின் ஆட்டிப் பார். பாப்பாவைக் கட்டியபின் தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார். கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அழுவாள். அழட்டும், செங்கல்பட்டு தாண்டினால் தூங்கிவிடுவாள். அழுகிறாள் என்று அவிழ்த்து முன்னால் எடுத்துக்கொள்ளாதே. முன்னால் ஏர்பேக் இருக்கிறது, அது விரிகிற வேகமே பிள்ளைக்கு ஆபத்து. பின்சீட்டில்தான், கேட்டாயா?

வீட்டில் வேறு விசேஷம் இல்லை. போரில் தண்ணீர் வருகிறது. தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, அதை நேரில் பேசுவோம்.

இன்னொன்று. சம்பந்தி பாப்பாவை டிவிஎஸ் எக்ஸெல் வண்டியில் முன்னால் நிற்க வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறாராம். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளை டூவீலரில் போனால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வார் வேண்டும், ஹெல்மெட் வேண்டும், 40க்கு மேல் போகக்கூடாது. 2023லிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல மனிதர், பேத்தி மேல் உயிர். ஆனால் நான் சொன்னால் இப்போது வேறு மாதிரி எடுத்துக்கொள்வாரோ என்று இருக்கிறது. மருமகளிடம் நீ சொல்கிறாயா? நீ அவளிடம் பேசுவதில்லை என்றால் அதையாவது சொல், நானே சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உன் கணக்கில் 12,000 போட்டிருக்கிறேன். அம்மா கேட்டால் வண்டி இன்சூரன்ஸுக்கு என்று சொல்.