பனையேறியின் மகன் எழுதிய ஒன்றரைப் பக்கம்

அன்புத் தோழிக்கு,

வணக்கம். உன் கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. இப்போது செய்தித்தாளைத் தாமே படிக்கிறார். உன் கடிதத்தையும் ஒரு முறை வாங்கிப் படித்துவிட்டு, பாளையங்கோட்டை விடுதியில் நாம் இருந்த நாள்களைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தி எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு வரிக்கு மேல் சொந்தமாக எழுத மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். கட்டுரை நோட்டில் மட்டும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் அழகாக இருக்கின்றன, ஆனால் நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரைதான் இருக்கிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது என் வகுப்பையே எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. நான்கைந்து ஆண்டுகளாகச் செய்து பார்த்தவற்றில் நின்றது எது, நிற்காதது எது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். மாநில அளவிலான கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு பெற்ற நண்பனை வாழ்த்தி மடல் எழுதுக என்று பத்தாம் வகுப்பில் ஒரு வினா உண்டு. உணவு விடுதியில் தரமற்ற உணவு தந்ததைப் பற்றி உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுதும் முறையீட்டுக் கடிதமும் உண்டு. எங்கள் பிள்ளைகள் இவ்விரண்டையும் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து, அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி வரை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த நண்பன் யார், எந்த ஊரில் இருக்கிறான், பரிசு வாங்கியதும் என்ன சொன்னான் என்று கேட்டால் ஒருவரிடமும் விடை இருக்காது. இல்லாத ஒருவனுக்கு, நடக்காத ஒன்றைப் பற்றி, வேறொருவர் எழுதிய சொற்களில் எழுதும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் நாமே ஊட்டிவிட்டு, பிறகு ‘சொந்தமாக எழுது’ என்றால் பிள்ளை எங்கிருந்து எழுதும்? ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்ற வினாவுக்கும் இதே கதைதான்; எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி பொதுவான சில வரிகளை நெட்டுருப் போட்டு வந்து படத்தைப் பார்க்காமலே எழுதுகிறார்கள். அது உண்மையில் கண்ணுக்கு வேலை கொடுக்கும் அருமையான வினா. அது இப்படிப் பாழாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எனக்கு வழி காட்டியவன் ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பையன். மெல்லக் கற்போர் பட்டியலில் ஆண்டுதோறும் இருப்பவன். எதை எழுதச் சொன்னாலும் ‘எனக்கு எழுத ஒண்ணும் இல்ல டீச்சர்’ என்பான். ஒருநாள் அவன் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்து, எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்டேன். நாலு மணிக்கு என்றான். அவனுடைய அப்பா பனையேறி. பதநீர்ப் பருவத்தில் குடும்பமே விடிலியில்தான், அதாவது கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசையில்தான், இருக்குமாம். பிறகு நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, மரம் ஏறக் கால்களில் தளைநார் மாட்டுவதையும், அரிவாள் வைக்கும் அருவாப்பெட்டியை இடுப்பில் கட்டுவதையும், பதநீர் இறங்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதையும் சொல்லிக்கொண்டே போனான். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்றான். பதநீரைக் கருப்பட்டிக்குக் காய்ச்சும்போது பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். ‘அம்மா ஒரு சொட்ட எடுத்து தண்ணியில விடுவாங்க, கரையாம உருண்டு நின்னா எறக்கிரலாம்’ என்றான். அவன் சொன்னதை அவன் வாயிலிருந்து வந்தபடியே கரும்பலகையில் எழுதினேன். பதினொரு வரிகள் வந்தன. அவன் எழுந்து நின்று கரும்பலகையைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. தன் வீட்டுப் பேச்சு அந்தப் பலகையில் ஏறும் என்று அவன் அதுவரை நினைத்திருக்கவில்லை. மறுநாள் நான் சொல்லாமலே நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். அதில், காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றிவிட்டு ஆறும் வரை காத்திருக்கும்போது தங்கை விரலை விட்டுச் சுட்டுக்கொண்டதையும், அந்த ஒரு கருப்பட்டியில் மட்டும் அவள் விரல் குழி இருந்ததால் வியாபாரி அதை எடுக்காமல் விட்டதையும், அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டதையும் எழுதியிருந்தான். இத்தனை ஆண்டுகளில் நான் திருத்திய எந்தக் கட்டுரையிலும் அந்த விரல் குழிக்கு இணையான ஒன்றை நான் படித்ததில்லை.

அன்று எனக்கு ஒன்று தெளிந்தது. நம் பிள்ளைகள் எழுதத் தயங்குவதற்குச் சோம்பல் காரணமன்று. அவர்கள் பேசுகிற தமிழ் வேறு, நாம் நோட்டில் எதிர்பார்க்கும் தமிழ் வேறு. ‘கெளம்பிருவாரு’ என்று மனத்தில் வருவதைப் ‘புறப்பட்டுவிடுவார்’ என்று மாற்றி, அதற்குள் ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்து, றகரமா ரகரமா என்று அஞ்சி முடிப்பதற்குள் சொல்ல வந்த செய்தி ஓடிப்போய்விடுகிறது. அதனால் இப்போது முதல் வரைவைப் பேச்சு நடையிலேயே எழுத விடுகிறேன். இரண்டாம் நாள் இருவர் இருவராக உட்கார்ந்து அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றுவார்கள். அது அவர்களுக்கு ஒரு விளையாட்டுப் போல ஆகிவிட்டது. ‘மெல்லிசா’ என்பதற்கு ‘மெல்லியதாக’ என்று ஒருத்தி சொல்ல, ‘அது சரியா வரலையே’ என்று மற்றவள் மறுக்க, சொற்களைப் பற்றி அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம்தான் உண்மையான இலக்கண வகுப்பு. ஒருவர் பேசுவதாக வரும் இடங்களை மட்டும் மாற்றக் கூடாது என்பது எங்கள் விதி. அம்மா சொன்னதை அம்மா சொன்னபடியே வைக்க வேண்டும்.

அப்படி வரும் சொற்களை ஒரு நீள நோட்டில் சேர்த்து வருகிறோம். விடிலி, பயினி (பதநீர்), தேரி (எங்கள் பக்கத்துச் செம்மணல் மேடு) என்று தொடங்கியது இப்போது இருநூறைத் தாண்டிவிட்டது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார் என்று பிள்ளைகளிடம் சொன்னபோது, ‘அப்ப நாம தேரிக்காட்டுக்கு ஒண்ணு போடலாமா’ என்று கேட்டார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுவது நல்ல உரைநடைப் பயிற்சி என்பதை நான் அதன் பிறகுதான் உணர்ந்தேன். இரண்டே வரியில், தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி எழுத வேண்டும்; சுற்றி வளைக்க இடமில்லை.

பிழை திருத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். சிவப்பு மையை நான் முழுவதும் விட்டுவிடவில்லை. பிழையோடு எழுதப் பழகிவிட்டால் பிற்பாடு அவர்களுக்குத்தான் துன்பம். ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் பார்க்கிறேன். இந்த வாரம் லகர, ளகர, ழகரம் என்றால் அதை மட்டும்தான் வட்டமிடுவேன். நோட்டின் அடியில் ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, எழுதியதற்கு ஒரு வரியில் பதில் எழுதுகிறேன். அந்தப் பையனுக்கு ‘அந்தக் கருப்பட்டியை இப்போதும் வைத்திருக்கிறீர்களா?’ என்று எழுதினேன். ‘எறும்பு வந்துவிட்டது’ என்று அடுத்த நாள் பதில் வந்தது. நாற்பது நோட்டுக்கும் இப்படிப் பதில் எழுத நேரம் ஏது என்று நீ கேட்பாய். நாளுக்கு எட்டு நோட்டு வீதம் எடுத்தால் ஐந்து நாளில் முடிந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இதில் நான் செய்த ஒரு தவற்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளம் உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணிக் கரையூர்கள் பலவும் தண்ணீரில் நின்றன. பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கேட்காமலே எழுதினார்கள். ஒருத்தி, இரவில் ஆடுகளை ஒவ்வொன்றாக மாடிப்படியில் ஏற்றியதையும், கடைசி ஆட்டைத் தூக்க முடியாமல் தன் அப்பா அழுததையும் எழுதியிருந்தாள். அதன் அழகில் மயங்கி, அவளிடம் கேட்காமலே நான் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டேன். அப்பா அழுததை ஊருக்கே சொல்லிவிட்டதாக அவள் நினைத்தாள். அதன் பிறகு இரண்டு மாதம் அவள் தன் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒவ்வொருவரும் தம் பக்கத்தின் மேல் மூலையில் ‘படிக்கலாம்’ அல்லது ‘டீச்சருக்கு மட்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டீச்சருக்கு மட்டும்’ என்ற பக்கங்கள்தான் நீளமாக இருக்கின்றன. நீ தொடங்கும்போது முதல் நாளே இந்த ஏற்பாட்டைச் செய்துவிடு.

படம் காட்டிக் கதை சொல்லவைப்பது, கதையைப் பாதியில் நிறுத்தி முடிக்கச் சொல்வது போன்றவற்றையும் செய்து பார்த்தேன். ஒரு நாளைக்குக் கலகலப்பாக இருக்கும். மூன்றாம் முறை சலித்துவிடும். எழுதியதைப் படிக்க வகுப்புக்கு வெளியே ஒருவர் காத்திருக்கிறார் என்றால் மட்டும் அந்தச் சலிப்பு வருவதில்லை.

செலஸ்தேன் ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியரை உனக்குத் தெரிந்திருக்கலாம். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர். வகுப்பில் நெடுநேரம் பேச அவருக்கு மூச்சுப் போதவில்லை. பார்-சுர்-லூ என்ற சிற்றூரின் பள்ளியில், பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், பார்த்ததை அவர்களையே எழுதச் சொல்லி, 1924இல் ஒரு சிறிய அச்சுப்பொறியையும் வாங்கி வைத்தார். பிள்ளைகள் தாமே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் பிரிட்டானிப் பகுதியில் இருந்த இன்னொரு பள்ளிக்குப் போயின, அங்கிருந்தும் வந்தன. எழுத்துக் கோக்கும் பிள்ளை ஒவ்வோர் எழுத்தையும் கையால் எடுத்து வைக்க வேண்டும். பிழை இருந்தால் தொலைவில் உள்ள பள்ளியில் படிப்பார்கள் என்று அதற்கே தெரியும். ஆசிரியர் அதட்ட வேண்டியதில்லை. பேச மூச்சில்லாத ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகளின் குரல் எழுந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். நாம் சற்று அதிகமாகப் பேசிவிடுகிறோமோ என்னவோ.

நம்மிடம் அச்சுப்பொறி இல்லை. ஆனால் 50 காசு அஞ்சலட்டை இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு தனிக் கட்டாக 31 அஞ்சலட்டைகளை உன் பள்ளி முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதியவை. யாருக்கு என்று பெயர் தெரியாததால் ‘தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பருக்கு’ என்று தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் ஊரில் மட்டுமே உள்ள ஒன்றைச் சொல்லி, உன் ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது மட்டுமே நான் சொன்னது. ஆற்றில் தண்ணீர் வரும் நாளில் என்ன செய்வீர்கள் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். நாற்று நடும்போது கால் சேற்றில் எவ்வளவு ஆழம் போகும் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். கைடில் இவற்றுக்கு விடை இராது; உன் பிள்ளைகள் வீட்டில் கேட்டோ வயலில் இறங்கிப் பார்த்தோதான் எழுத வேண்டும். எழுத்துப் பிழைகளை நான் திருத்தவில்லை, தெரிந்தே விட்டிருக்கிறேன். உன் பிள்ளைகளும் திருத்தாமல் படிக்கட்டும். புரியாத இடத்தில் ‘இது புரியவில்லை’ என்று பதிலில் எழுதினால் போதும், எங்கள் பிள்ளைகள் தாமே தேடித் திருத்திக்கொள்வார்கள்.

பனையேறியின் மகனுடைய அட்டையும் அந்தக் கட்டில் இருக்கிறது. இடம் போதாமல் முகவரிப் பக்கம் வரை எழுதியிருப்பதால் எளிதில் கண்டுகொள்வாய். பதில் எழுதுபவருக்கு ஒரு கருப்பட்டி அனுப்புவதாக அவன் எழுதியிருக்கிறான். ஆடியோடு பருவம் முடிந்துவிடும் என்பதால், இந்த மாதக் கடைசிக்குள் பதில்கள் கிளம்பிவிட்டால் அவனுக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
உன் தோழி
உடன்குடிப் பக்கத்திலிருந்து, ஆனி மாதம்