வாத்தியாரை விடுவதற்கு முன்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்னதை அம்மா சொன்னாள். நீ வாசிப்பதைக் கேட்கிறவர்கள் எல்லாம் ‘அப்படியே உங்க சார் மாதிரியே இருக்கு’ என்கிறார்களாம். அதனால் வயலின் வகுப்பை நிறுத்திவிட்டு நீயாகவே வாசித்துப் பார்க்கப் போகிறாயாம். அவசரப்படாதே. பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் மிருதங்கம் வாசித்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வில்லைப் பிடிப்பது, விரல் சுருதியில் விழுவது, ஒரு வில்லுக்கு எத்தனை ஸ்வரம் என்பது, இதிலெல்லாம் நீ வாத்தியாரைப் போலவே இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வயலின் மேதை லால்குடி ஜெயராமனுக்கு அப்பா கோபால ஐயர்தான் குரு. வீட்டுக்குள்ளேயே குரு, தப்பிக்க வழியே இல்லை! அப்படியும் இன்று லால்குடி பாணி என்று தனியாகப் பேசுகிறோம். அவர் 12 வயதிலேயே பக்கவாத்தியம் வாசிக்க உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று பெரிய பாடகர்களுக்கெல்லாம் வாசித்தார். ஒவ்வொருவர் பாட்டும் ஒரு தினுசு. பாடுகிறவர் திடீரென்று ஒரு ஸ்வரத்தை எடுத்து வீசும்போது வீட்டில் படித்த பாடம் அப்படியே உதவாது. அந்த நொடியில் கையில் வருவதுதான் பதில். அவர் பாணி அங்கேதான் உருவாகியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கதை இன்னும் வேடிக்கை. அவருடைய குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை வாத்தியத்தில் தேடிப் பிடிப்பான். வீணை எஸ். பாலசந்தருக்கு வீணை குருவே கிடையாதே என்பாய், தெரியும். அவர் வீணைக்கு வருவதற்கு முன்பே கஞ்சிரா, தபேலா, சிதார் என்று வரிசையாகக் கை வைத்தவர். அப்படித் தானாகத் தேடிக் கற்க நேரம் வேண்டும்; உனக்கோ வேலை முடிந்து வீட்டுக்கு வரவே இருட்டிவிடுகிறது.

ஆனால் உன் சார் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. மேடையில் அந்த நேரத்தில் சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்க வேண்டிய கல்பனாஸ்வரத்தை நோட்டில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறாராமே? நம் ஊரில் அரங்கேற்றம் நெருங்கினால் பல வாத்தியார்கள் செய்கிற வேலைதான். பிள்ளை மேடையில் தடுமாறக் கூடாதே என்ற பயம். பெற்றோர் மேலும் கொஞ்சம் பயம். மிருதங்கத்தோடு பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது உடனே தெரிந்துவிடும். கோர்வை, அதாவது முடிக்கிற தாளக் கணக்கு, பிசகாமல் வந்து விழும், முகத்தில் மட்டும் பரீட்சை எழுதுகிற களை. உன் வாசிப்பில் சாரின் வாசிப்பே காதில் விழுகிறது என்றால் அந்த நோட்டால்தான், வில் பிடிப்பால் இல்லை.

அதனால் அடுத்த வகுப்பில் அவரிடமே கேட்டுப் பார். ‘மோகன ராகத்தில் நாலு தாளச் சுற்று நானே வாசிக்கிறேன் சார், தப்பாக இருந்தால் அப்புறம் திருத்துங்கள்’ என்று சொல். சரி என்றால் அவரை விடாதே. முகம் சுளித்தால் வேறு ஆள் பார்க்கலாம், நானே விசாரிக்கிறேன்.

எப்படியானாலும் பாடுகிற யாருக்காவது பக்கத்தில் உட்கார்ந்து வாசி. தைப்பூசத்துக்கு உங்கள் பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிற உறுமி மேளப் பையன்கள் நோட்டைப் பார்த்தா அடிக்கிறார்கள்? பட்டர்வொர்த்தில் பஜனை பாடும் என் பழைய சிநேகிதர் ஒருவர் வயலினுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். கச்சேரி அளவுக்கு இருக்காது, ஆனால் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தச் சுருதியில் எடுப்பார் என்று அவருக்கே தெரியாது. நம்பர் அனுப்புகிறேன், நீயே பேசு. பினாங்குத் தீவுக்குத் திரும்பி வர பெர்ரி நேரத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா