மாண்டரின் பயிற்சியைத் தமிழிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தாதிமை இல்லம் ஒன்றில் 11 ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். எங்கள் பிரிவில் உள்ள முதியோர் பலரிடம் சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில்தான் பேச முடியும். செயற்கை நுண்ணறிவின் துணையோடு அம்மொழியைக் கற்க முயலும் தமிழர்களுக்கு என் அனுபவம் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நான் பயன்படுத்திய செயலி, விமான நிலையத்தில் வழி கேட்பதையும் உணவகத்தில் காப்பி வாங்குவதையும் ஆங்கிலத்தின் வழியே கற்றுத் தந்தது. எனக்குத் தேவைப்பட்டதோ, எங்கே வலிக்கிறது என்று கேட்பதும், மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடச் சொல்வதும். ஓர் இரவுப் பணியில், படுத்துக்கொள்ளுங்கள் என்று மூதாட்டி ஒருவரிடம் சொன்னேன். அவரோ எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தை வாங்குவதற்குக் கையை நீட்டினார். மாண்டரினில் 'தாங்' என்ற ஒலியை உயர்ந்த குரலில் ஒரே சீராக நீட்டினால் சூப், கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற்றினால் சர்க்கரை, தாழ்த்திச் சொன்னால் படுப்பது, வெடுக்கென இறக்கினால் கைபொறுக்காத சூடு. இந்த நான்கு சொற்களும் என் வேலையில் அன்றாடம் வருபவை. பசியோடு இருந்தவரிடம் நான் சூப் என்று சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தில் தோன்றிய எதிர்பார்ப்பை இன்றும் மறக்க இயலவில்லை.

அன்று முதல் பயிற்சி கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். என் தாய்மொழி தமிழ் என்பதையும், என் பணி என்ன என்பதையும், அந்த வாரம் நான் செய்த தவறுகளையும் தமிழிலேயே எழுதி, அவற்றை வைத்து மட்டும் 12 வாக்கியங்கள் தருமாறு செயற்கை நுண்ணறிவிடம் கேட்கத் தொடங்கினேன். வந்த பயிற்சிகளில் படுக்கை, மருந்து, கஞ்சி, சர்க்கரை அளவு என என் பிரிவே இருந்தது. அதைவிட எனக்கு வியப்பளித்தது, ஆங்கிலப் பாடங்கள் கடினம் என்று எச்சரித்த இடங்கள் தமிழ்வழி பார்க்கும்போது எளிதாகிவிட்டன என்பதே. 'நான் நேற்று வாங்கிய மருந்து' என்பதை மாண்டரினில் 'வோ ஸுவோத்தியென் மாய் த யாவ்' என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, மருந்து என்று சொல்லுக்குச் சொல் நம் வரிசையிலேயே அது அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் மருந்தை முன்னே வைத்து, வாங்கியதைப் பின்னால் சேர்க்க வேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும் அங்கேயும் தனித்தனிச் சொற்கள் உண்டு. வடசீனப் பேச்சில், கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் 'நாம்' என்பதற்குக்கூடத் தனிச்சொல் இருக்கிறது. இவ்வளவு நெருக்கம் இருக்கையில், தமிழ் பேசும் ஒருவர் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு ஏன் போக வேண்டும்?

ஆனால் மாண்டரின் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டுவிட்டு, அதை மட்டும் நம்பியிருப்பது கூடாது. வயிறு நிறைந்துவிட்டது என்பதும் ஓடிவிட்டார் என்பதும் நம் எழுத்தில் 'பாவ் ல' என்று ஒன்றாகவே விழும். குரலின் ஏற்ற இறக்கமும் இரண்டுக்கும் ஒன்றுதான். முன்னதில் வருவது 'பாட்டி' என்னும்போது நம் உதட்டில் பிறக்கும் பகரம். பின்னதில் அதே ஒலியோடு மூச்சு பலமாக வெளிப்பட வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஆகவே 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் என்னும் ரோமன் எழுத்துமுறையைத் தொடக்கத்திலேயே படித்துவிடுவது நல்லது.

இயந்திரம் தவறே செய்யாது என்றும் எண்ண வேண்டாம். சீன எழுத்துகள் சிலவற்றுக்கு இடத்துக்கேற்ப இரண்டு உச்சரிப்புகள் உண்டு. வங்கியைக் குறிக்கும் 'யின்ஹாங்' என்ற சொல்லை எனக்கு வந்த ஒரு பயிற்சி 'யின்ஷிங்' என்று தந்தது. அதன் கடைசி எழுத்து தனியே 'நடந்து செல்வது' என்ற பொருளில் வரும்போதுதான் அதை 'ஷிங்' என்று படிப்பார்கள். உடன் பணியாற்றும் சீனத் தோழி வாசித்துப் பார்த்துத் திருத்தியிராவிட்டால், அந்தத் தவறையே மனப்பாடம் செய்திருப்பேன். எழுத்தில் வரும் பயிற்சிக்கு நம் உச்சரிப்பு கேட்காது என்பதால், வாரம் ஒருமுறையாவது மொழி அறிந்தவர் முன் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். நோயாளிகளின் பெயரையோ நோய் விவரத்தையோ பயிற்சிக்காக ஒருபோதும் உள்ளிடுவதில்லை. நம்மை நம்பிப் படுத்திருப்பவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய அடிப்படைக் கடமை அது.

இரு மொழிகளையும் நன்கறிந்த தமிழாசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ் பேசுவோர் மாண்டரினில் வழக்கமாகத் தடுமாறும் இடங்களை அவர்கள் தொகுத்துத் தந்தால், அத்தொகுப்பைக் கொடுத்தே ஒவ்வொருவரும் தம் பணிக்கேற்ற பயிற்சிகளை உருவாக்கிக்கொள்ளலாம். மருத்துவமனைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உணவகங்களிலும் பணிபுரியும் தமிழர்களுக்காக அவர்கள் இப்பணியை முன்னெடுக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தாதி ஒருவர்,
ஈசூன்.