திரையில் மட்டும் ஆறிவிடும் காயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைப்பட வன்முறை பற்றிய விவாதங்களில் எவ்வளவு இரத்தம் காட்டப்படுகிறது என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. அடிபட்ட உடலுக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பது பொய்யாகக் காட்டப்படுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கூடுதல் கேடு விளைவிப்பது இந்தப் பொய்தான் என்பது என் கருத்து.

காவலாளியின் பின்மண்டையில் கதாநாயகன் துப்பாக்கிக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டுகிறான். அவர் சுருண்டு விழுந்து, காட்சி முடியும்வரை கிடந்துவிட்டு, தலையைத் தடவியபடி எழுந்துகொள்கிறார். உண்மையில், தலையில் அடிபட்டவர் சில நிமிடங்களுக்கு மேல் நினைவின்றிக் கிடந்தால் மூளையில் கடுமையான காயம் இருக்கக்கூடும் என்றே மருத்துவர்கள் அஞ்சுவார்கள். இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. நினைவு திரும்பி இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பவர்கூட, மண்டையோட்டுக்குள் கசியும் இரத்தம் மூளையை அழுத்த அழுத்த, சில மணி நேரத்தில் மீண்டும் நினைவிழந்து உயிருக்குப் போராடும் நிலைக்குப் போய்விடலாம். 'எழுந்துவிட்டார், இனிப் பயமில்லை' என்று அவரை உறங்க விட்டுவிடும் வீட்டாரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் பார்த்துப் பழகியது அதைத்தானே.

தோளில் பாயும் குண்டும் திரையில் ஒரு கட்டுத்துணியோடு முடிந்துபோகிறது. தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் காறையெலும்பை ஒட்டியே கைக்குச் செல்லும் பெரிய தமனியும் நரம்புகளும் ஓடுவதால், அங்கே குண்டடி பட்டவர் உயிர் பிழைத்தாலும் கை விளங்காமல் போக வாய்ப்புண்டு. முகத்தில் ஓங்கிக் குத்துபவருக்குச் சுண்டுவிரலின் அடியிலுள்ள கையெலும்பு முறிவது மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் ஒன்று; நம் கதாநாயகர்களுக்கு மட்டும் அது ஏனோ நேர்வதேயில்லை.

எல்லாவற்றினும் என்னை அச்சுறுத்துவது, உடலில் பாய்ந்த கத்தியை வீரமாகப் பிடுங்கி எறியும் காட்சி. வெட்டுண்ட இரத்தக்குழாயை அந்தக் கத்தியே அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம்தான் உள்ளது; தொடைத் தமனி அறுந்து பீறிட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆகவே கத்தியைத் தொடாமல், அது அசையாதபடி சுற்றிலும் துணியை வைத்து அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே சரி. திரையைப் பார்த்துப் பழகிய கை முதலில் கத்தியின் பிடிக்குத்தான் போகும்.

தங்கள் நாளிதழின் திரைவிமர்சனங்கள் சண்டைக் காட்சிகளின் வடிவமைப்பைத் தவறாமல் பாராட்டுகின்றன. காயங்கள் உண்மைக்கு எவ்வளவு நெருக்கமாகக் காட்டப்பட்டுள்ளன என்பதையும், இயன்றால் மருத்துவர் ஒருவரைக் கேட்டு, அவற்றில் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்